பெட்டிக்குள் முப்பத்தொரு பேர்

குடியிருப்பு அனுமதி அலுவலகத்தின் ஒன்பது கவுண்டர்களும் ஒரே காலையில் மூடப்பட்டன. இனி எல்லா அனுமதிகளும் இணையதளம் வழியாகவே புதுப்பிக்கப்படும் என்று ஒவ்வொரு கவுண்டரின் கண்ணாடியிலும் அறிவிப்பு ஒட்டினார்கள். இணையதளம் இன்னும் உருவாகவில்லை என்பதையும் சேர்த்து எழுத அந்தத் தாளில் இடம் போதவில்லை.

அந்த நகரத்தில் ஒரு வீட்டில் வசிக்க வேண்டுமென்றால் அந்த அலுவலகம் கொடுத்த அனுமதிச்சீட்டு வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காதவர்களின் கதவில், மாதத்தின் முதல் நாள் காலையில், ஆய்வாளர் வந்து விரல் அகலத்துக்கு ஒரு வெள்ளைக் காகிதப் பட்டையைக் குறுக்கே ஒட்டிவிட்டுப் போவார். பூட்டு கிடையாது, காவல் கிடையாது. வெறும் காகிதம்தான். அதைக் கிழித்துக்கொண்டு உள்ளே போனவரையோ வெளியே வந்தவரையோ யாரும் பார்த்ததில்லை.

கம்ப்யூட்டர் வேலை பார்த்ததால் கம்ப்யூட்டர்காரி என்று எல்லோரும் கூப்பிட்ட பெண் குடியிருந்த கட்டடத்தின் இரண்டாவது மாடியில் அப்படி ஒரு கதவு இருந்தது. வாசலில் ஒரு ஜோடி செருப்பு ஏழு மாதமாக அப்படியே கிடந்தது. படியேறும்போது அவள் அந்தப் பக்கம் பார்க்காமல் கைப்பிடியை ஒட்டியே நடப்பாள்.

மூன்றாவது மாடியில், இரண்டு அறை வீட்டில், அவளும் அப்பாவும் அக்காவும் இருந்தார்கள். அப்பா முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். இடுப்பில் இரும்பு வைத்த பிறகு கட்டிலிலிருந்து ஜன்னல் வரைதான் அவருடைய மொத்தப் பாதையும். அக்கா பள்ளிச் சீருடைகள் தைத்துக் கொடுத்தாள். மாதச் சம்பளம் வாங்குகிறவள் கம்ப்யூட்டர்காரி என்பதால் அனுமதிச்சீட்டில் குடும்பத் தலைவி அவள்தான். அந்தச் சீட்டு இந்த மாதக் கடைசியோடு முடிகிறது.

"புதுப்பிக்கலேன்னா என்னம்மா பண்ணுவாங்க?" என்று கேட்டார் அப்பா.

"பட்டை ஒட்டுவாங்கப்பா."

"நான் உள்ள படுத்திருக்கும்போதேவா?"

"ரெண்டாவது மாடிக்காரர் உள்ள இருக்கும்போதேதான் ஒட்டினாங்களாம்," என்றாள் அக்கா, ஊசியில் நூல் கோத்தபடி. "மூணு நாள் சத்தம் கேட்டுச்சு. அப்புறம் கேக்கலை."

அக்கா விளையாட்டுக்குத்தான் சொன்னாள். அந்த வீட்டில் அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

ஆகவே, அவள் வேலை பார்த்த சிறிய கம்பெனி குடியிருப்பு அனுமதி அலுவலகத்துக்குச் சர்வர் அமைக்க அவளை அனுப்பியபோது, உலகத்தில் வேறு எந்தச் சர்வருக்கும் காட்டாத அக்கறையோடு அவள் போனாள்.

சர்வர் என்பது செருப்புப் பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஒரு கறுப்புப் பெட்டி. மூடிய கவுண்டர்களின் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்த ஓர் அறையில் அதற்கு மேசை ஒதுக்கினார்கள். கூடவே ஓர் எழுத்தரையும் ஒதுக்கினார்கள். ஓய்வு பெற எட்டு மாதமே இருந்த அந்த மனிதரை எல்லோரும் பசை என்று கூப்பிட்டார்கள். காதில் எப்போதும் ஒரு பசைத் தூரிகை செருகியிருக்கும். அவர் கைவைத்த எந்தக் காகிதமும் இன்னொரு காகிதத்தோடு ஒட்டாமல் போனதில்லை.

"இந்த லினக்ஸு யாருதும்மா?" என்று படிவத்தைத் திறந்தார் பசை.

"யாருதும் இல்ல சார். எல்லாருக்கும் பொது. யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம்."

"யாருதும் இல்லாததை எடுத்தா அதுக்குப் பேரு வேறம்மா." அவர் குரலைத் தாழ்த்தினார். "முந்தின உரிமையாளர் சம்மதிச்சாருன்னு எழுதிடறேன். யாராவது கேட்டா நீயும் அப்படியே சொல்லு."

ஒன்றரை நாளில் வேலை முடிந்தது. லினக்ஸை ஏற்றினாள். அதன்மேல் இணையதளத்தை வருகிறவர்களுக்குக் காட்டும் நிரலை நிறுவினாள். பிறகு டேட்டாபேஸ். அதில் பதினான்காயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களின் விவரத்தையும், குடும்பத்துக்கு ஒரு வரிசையாக, ஏற்றினாள். கடைசியாக, அந்தப் பட்டியலை உலாவியிலேயே திறந்து பார்க்கவும் திருத்தவும் ஒரு நிர்வாகப் பக்கம். கறுப்புத் திரையில் ஒரு வரி கேட்டால் ஒரு வரி பதில் வந்தது. கேட்காத எதையும் அது சொல்லவில்லை. அந்தக் கட்டடத்தில் அவள் பயப்படாமல் பேச முடிந்த ஒரே ஆள் அந்தப் பெட்டிதான்.

"திறந்துடலாமா சார்?"

"ஆறாம் படிவம் பாக்கி. இந்த இடத்தில் உள்ளோர் பட்டியல். அலுவலகத்துக்குள்ள வர்ற எந்தப் பொருளுக்கும் உண்டு. பீரோவுக்குக் கூட எழுதியிருக்கோம், 'யாருமில்லை'ன்னு. உன் பெட்டிக்குள்ள யாரும் இல்லையே?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் தன் தொழிலில் பொய் சொல்லிப் பழகாதவள். எந்த லினக்ஸ் பெட்டியிலும், உள்வேலைகளைப் பிரித்துச் செய்வதற்காகச் பெயர் வைத்த சில பயனர் கணக்குகள் பிறக்கும்போதே இருக்கும் என்றாள். பட்டியல் வேண்டுமா என்று அவளே கேட்டாள். ஒரு கட்டளை அடித்து, அச்செடுத்து, இரண்டு கையாலும் நீட்டினாள்.

முப்பத்தொரு பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் ஓர் எண், இருக்குமிடம், உள்ளே நுழைய அனுமதி உண்டா இல்லையா என்ற குறிப்பு.

பசை அதைப் படிக்கப் படிக்க, காதிலிருந்த தூரிகை தானாகக் கீழே விழுந்தது.

மறுநாள் காலை அவள் வந்தபோது பெட்டியின் முகப்பில், விளக்குக்குக் குறுக்கே, ஒரு வெள்ளைக் காகிதப் பட்டை ஒட்டியிருந்தது.

ஆணையரின் அறைக்கு வெளியே அவளை இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார்கள். நாற்காலி உயரமானது. கால் தரையில் படவில்லை. எதிர்ச் சுவரில் விதிகள் சட்டமிட்டு மாட்டியிருந்தன. எழுத்து மிகச் சிறியது. எழுந்து போய்ப் படிக்கலாமா என்று நினைத்தாள். எழுந்தால் ஏன் எழுந்தாய் என்று கேட்பார்களோ என்று உட்கார்ந்தே இருந்தாள்.

ஆணையர் மென்மையானவர். குரலை உயர்த்தத் தேவையில்லாத பதவியில் நெடுநாள் இருந்தவர்களுக்கு வரும் மென்மை அது. பட்டியலை மூக்குக்கு அருகே பிடித்திருந்தார்.

"உட்காருங்கம்மா. தண்ணி குடிக்கிறீங்களா? இவரு யாரு, 'டபிள்யூ டபிள்யூ டபிள்யூ டேட்டா'? அப்பா, தாத்தா, ஊர், மூணுமே ஒரே எழுத்துலயா தொடங்குது?"

"சார், அது மனுஷன் இல்ல சார். இவங்க யாருமே மனுஷங்க இல்ல. வெறும் கணக்கு."

ஆணையர் புண்பட்டுப் போனார்.

"மனுஷன் இல்லைன்னு எங்களுக்குத் தெரியாதாம்மா? நாங்க என்ன முட்டாளா? என் பொண்ணே கம்ப்யூட்டர்தான் படிச்சிருக்கா. ஆனா சட்டத்தைப் பாருங்க. 'ஒரு பட்டியலில் பெயரும் இடமும் சேர்ந்து காணப்படுவோர் யாராயினும் குடியிருப்போர்.' யாராயினும். மனுஷனா இல்லையான்னு கேக்கறதுக்குப் படிவத்துல கட்டமே கிடையாது. கட்டம் இல்லாத கேள்வியை நான் எப்படிக் கேக்க முடியும்? அப்படிக் கேக்க ஆரம்பிச்சா எங்க போய் முடியும்? நாளைக்கு நீங்க மனுஷியான்னு கூடக் கேக்க வேண்டி வரும். எனக்கு அது பிடிக்கலை."

அவள் பட்டியலைத் திரும்ப வாங்கக் கை நீட்டினாள். ஆணையர் அதை விடவில்லை.

"இந்த அலுவலகத்துல நாப்பது வருஷமா ஒரு தப்பு கூட நடந்ததில்லை," என்றார் ஆணையர். "ஏன்னு கேளுங்க. நடந்தா, அதுதான் சரின்னு அன்னைக்கே ஒரு சுற்றறிக்கை போட்டுடுவோம். முப்பத்தொரு பேரை, அனுமதி இல்லாம, அனுமதி அலுவலகத்துக்குள்ளயே குடிவச்சிருக்கீங்க. இதுல 'நோபடி'ன்னு ஒருத்தர். இருக்குமிடம் 'இல்லாதது'ன்னு எழுதியிருக்கு. இடமே இல்லாத ஒரு ஆளை என் கட்டடத்துலயே பார்க்கறேன். ராத்திரி தூக்கம் வரலைம்மா எனக்கு."

"அப்போ இணையதளம், சார்? மாசக் கடைசிக்குள்ள திறக்கலேன்னா எல்லாருக்கும் பட்டை..."

"அதனாலதான் சொல்றேன். சீக்கிரம் இவங்களுக்கு அனுமதி வாங்கிடுங்க."

"எங்க சார் வாங்கறது?"

"இணையதளத்துலதான்," என்றார் ஆணையர். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு வெற்றுப் படிவத்தை எடுத்தார். "சரி. உங்களுக்காக ஒரு விதிவிலக்கு. கையால எழுதிக் குடுங்க."

அன்று மாலையே ஆய்வாளர் அளவு நாடாவோடு வந்தார். பேச்சே இல்லாத ஒல்லி மனிதர். நாடாவை இழுத்துவிட்டால் அது சர்ரென்று உள்ளே ஓடும் சத்தம்தான் அவருடைய குரல். நகரத்தில் எந்தப் படிக்கட்டில் அந்தச் சத்தம் கேட்டாலும் எல்லா வீடுகளிலும் குழாயை மூடிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். பெட்டியின் நீளம், அகலம், உயரம் அளந்தார். காற்றுத் துளைகளை எண்ணி 'ஜன்னல்: நாற்பத்தெட்டு' என்று எழுதினார். ஓர் ஆளுக்கு நாற்பது சதுர அடி வேண்டும். இங்கே முப்பத்தொரு பேருக்கும் சேர்த்து முக்கால் சதுர அடி.

"நெரிசல்," என்று ஒரே வார்த்தை சொன்னார். பட்டையை இன்னொரு முறை அழுத்திவிட்டுப் போனார்.

"ஒரு வழி இருக்கு," என்றார் பசை, அவர் காலடி ஓய்ந்த பிறகு. "எல்லாரும் ஒரே குடும்பம்னு காட்டிட்டா இடக்கணக்கு கிடையாது. சொந்தக்காரங்க நெருக்கிக்கிட்டு இருக்கறதை எந்தச் சட்டமும் தடுக்க முடியாது. உறவுமுறைப் படிவம் எடுக்கறேன். இதுல யாரு பெரியவரு?"

"ரூட்."

"நடத்தை எப்படி?"

"எல்லா அதிகாரமும் அவருக்குத்தான் சார். யாரை வேணும்னாலும் சேர்க்கலாம், நீக்கலாம். அவரை யாரும் கேள்வி கேட்க முடியாது."

"குடும்பத் தலைவர்." பசை எழுதிக்கொண்டார். "இந்த டேட்டாபேஸ் கணக்கு, 'மைசீக்வல்', என்ன வேலை?"

"யார் எப்போ என்ன சொன்னாங்கன்னு எல்லாத்தையும் நினைவு வச்சிருக்கும். பத்து வருஷம் கழிச்சுக் கேட்டாலும் தேதியோட எடுத்துச் சொல்லும்."

"மாமியார்," என்றார் பசை, பேனா நிற்காமல். "மூணு டபிள்யூ?"

"வாசல்ல நிக்கும் சார். யார் வந்து என்ன கேட்டாலும் இதுதான் பதில் சொல்லும். உள்ள எதுலயும் கைவைக்க உரிமை கிடையாது."

"பாவம், வீட்டோட மாப்பிள்ளை. கேம்ஸு?"

"அது சும்மா இருக்கு சார். வேலை எதுவும் இல்ல."

"கடைசி மச்சினன். நோபடி?"

"அவரால எதுவும் செய்ய முடியாது. யாரும் அவரைக் கூப்பிட மாட்டாங்க."

"எல்லா வீட்டுலயும் ஒரு சித்தப்பா உண்டும்மா." எழுதிவிட்டு அவர் நிமிர்ந்தார். முகம் கறுத்திருந்தது. "ஒரு சிக்கல். மாமியார் இருக்காங்க, மச்சினன் இருக்கான். ரூட்டோட பொண்டாட்டி எங்க?"

இருவரும் பட்டியலை மேலிருந்து கீழாக இரண்டு முறை தேடினார்கள்.

"இறந்துட்டாங்கன்னா சான்று கேப்பாங்க. பிரிஞ்சு போயிட்டாங்கன்னா மாமியாருக்கு இங்க என்ன வேலைன்னு கேப்பாங்க." பசை நெற்றியைத் தேய்த்தார். "வெளியூர் போயிருக்காங்கன்னு போடறேன். எந்த ஊருன்னு கட்டம் இல்ல, தப்பிச்சோம்."

இப்படி மூன்று நாட்களில் முப்பத்தொரு பேரும் உறவானார்கள். இதற்கிடையில் அவள், பதினான்காயிரம் குடும்பங்களின் விவரத்துக்கும் ஒரு நகல் எடுத்து வேறு வட்டில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். அவள் தொழிலில் அது பல் துலக்குவது மாதிரி. பசை அவள் வாயைப் பொத்தாத குறை.

"ஒரு குடும்பத்தை நகல் எடுத்து இன்னொரு இடத்துல வச்சா, அவங்க ரெண்டு வீட்டுல குடியிருக்கறதா ஆயிடும்மா. பதினாலாயிரம் குத்தம். உனக்கு ஏன் இந்த வம்பு?"

இருபத்தெட்டாம் தேதி எல்லாம் தயாராக இருந்தது, குடும்பத் தலைவரின் புகைப்படமும் கையெழுத்தும் தவிர. அலுவலகப் புகைப்படக்காரர் பெட்டியைப் பல கோணத்தில் எடுத்துப் பார்த்தார். எந்தப் படத்திலும் இரண்டு காதும் தெரியவில்லை என்று எல்லாம் திரும்பி வந்தன. மறுபடி ஆணையர் அறை, இம்முறை பசையும் கூட. மறுபடி அந்த உயரமான நாற்காலி.

"ரூட்டோட பாஸ்வேர்டு யார்கிட்ட இருக்கும்மா?"

"என்கிட்டதான் சார்."

"சாவி யார்கிட்டயோ அவங்கதான் குடும்பத் தலைவர். ரொம்பச் சுலபம். உங்க போட்டோவை ஒட்டி, நீங்களே கையெழுத்துப் போட்டுடுங்க."

அவளுக்குத் தலைக்குள் ஏதோ ஒன்று லேசாகத் தட்டியது. ஆனால் இரண்டு நாள்தான் பாக்கி. அன்று காலை வீட்டில் அப்பா கட்டிலிலிருந்து எழுந்து, தானாகவே வாசல் வரை நடந்து பார்க்க முயன்று, பாதியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஒத்திகை பார்க்கறேன்," என்றார், வியர்வையோடு. அது நினைவுக்கு வந்தது.

"நல்லா யோசிச்சியாம்மா?" என்றார் பசை மெதுவாக. ஆணையர் ஒருமுறை இருமினார். பசை உடனே புகைப்படத்தின் பின்பக்கம் பசை தடவத் தொடங்கினார்.

அவள் கையெழுத்துப் போட்டாள். படிவத்தில் ஒரே ஒரு திருத்தம்தான் தேவைப்பட்டது. மனைவி வெளியூர் போயிருக்கிறார் என்பதைக் கணவர் வெளியூர் போயிருக்கிறார் என்று மாற்றினார்கள். மாமியார் அப்படியே இருந்தார்.

அன்று வீட்டில் இதைச் சொன்னபோது அக்கா தையல் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். "அடிப்பாவி! சொல்லாம கொள்ளாம கல்யாணம் பண்ணிக்கிட்டியே. மாமியார், மச்சினன், ஒண்ணுத்துக்கும் உதவாத சித்தப்பா... சீர் என்னடி செஞ்சாங்க?"

"நாப்பத்தெட்டு ஜன்னல்," என்றாள் அவள். பல நாளுக்குப் பிறகு மூன்று பேரும் சேர்ந்து சிரித்தார்கள்.

முப்பதாம் தேதி மூன்று மணிக்குத் திறப்பு. பெட்டியிலிருந்து பட்டையை ஆணையரே கத்தரித்தார். அலுவலர்கள் வரிசையாக நின்றார்கள். ஆணையர் பேசினார்.

"கவுண்டர் இருந்த காலத்துல ஒரு நாளைக்கு நாப்பது பேரைத் திருப்பி அனுப்பினோம். அதுக்கே கை வலிக்கும். இனிமே ஒரு நொடியில ஆயிரம் பேரைத் திருப்பி அனுப்ப முடியும். இதுதான் முன்னேற்றம். ஆனா இன்னைக்கு நல்ல நாள். யாரையும் திருப்பி அனுப்ப எனக்கு மனசு வரலை." அவர் அவளைப் பார்த்தார். "எல்லாருக்கும் ஒரு வருஷம் புதுப்பிச்சுட முடியுமாம்மா?"

முடியும் என்றாள். ஒரு பொத்தானைக் காட்டினாள். ஆணையர் அழுத்தினார். பதினான்காயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களுக்கும் இந்த மாதக் கடைசியின் இடத்தில் அடுத்த வருடத்தின் இதே மாதக் கடைசி வந்தது. கைதட்டினார்கள். இதை முதலிலேயே செய்திருந்தால் என்ன என்று யாரும் கேட்கவில்லை. அவள் கண்ணில் நீர் வந்தது. நன்றியால் என்றுதான் அவளும் நினைத்தாள்.

எல்லோரும் போன பிறகு, நாலே கால் மணிக்கு, தன் வீட்டை ஆசையாகத் தேடிப் பார்த்தாள்.

அவள் பெயர் வந்தது. அனுமதி: ஒரு வருடம். முகவரி: கறுப்புப் பெட்டி, நாற்காலி அறை, குடியிருப்பு அனுமதி அலுவலகம். மூன்றாவது மாடி வீட்டின் எண்ணைப் போட்டுத் தேடினாள். 'குடும்பத் தலைவி வேறிடம் சென்றுவிட்டார். எஞ்சியோர்: இருவர். அனுமதி இல்லை. நாளை காலை நடவடிக்கை.'

பசையின் மேசைக்கு ஓடினாள். அவர் பையை மூடிக்கொண்டிருந்தார். அவள் கண்ணைப் பார்க்கவில்லை.

"பெட்டிப் படிவத்தை நான்தான் பட்டியல்ல ஏத்தினேன். முதல் விதிம்மா. ஒருத்தருக்கு ஒரு வீடுதான். சுவத்துல மாட்டியிருக்கே."

"திருத்த முடியாதா சார்?"

"இணையதளத்துல விண்ணப்பம் போடு. முப்பது வேலை நாள்."

ஆணையர் படியிறங்கிக்கொண்டிருந்தார். நடக்கும் வேகம் குறையாமல் கேட்டுக்கொண்டார். "உங்களுக்குத்தான் வீடு இருக்கேம்மா," என்றார் அன்பாக. "முப்பத்தொரு சொந்தக்காரங்களோட. எத்தனை பேருக்கு அந்தக் கொடுப்பினை?"

அவள் நாற்காலி அறைக்குத் திரும்பினாள். நிர்வாகப் பக்கம் திறந்தே இருந்தது. அவள் கையால் நிறுவியது. அவள் பாஸ்வேர்டு. அந்த நகரத்தின் எல்லா வீடுகளும் அதில் வரிசை வரிசையாக நின்றன. ஒரே ஒரு வரிசையில் ஒரே ஒரு கட்டம். கறுப்புப் பெட்டி என்று இருக்கும் இடத்தில் பழைய வீட்டை எழுத வேண்டும், அவ்வளவுதான்.

இதற்கான கட்டளையில் இரண்டு பாதி உண்டு. முதல் பாதி, எந்தக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்பது. இரண்டாவது பாதி, எந்த வரிசையில் மட்டும் என்பது. இரண்டாவது பாதி இல்லாமல் அனுப்பாதே என்பது அந்தத் தொழிலில் முதல் நாள் சொல்லித் தருவது.

முகவரி என்ற கட்டத்தில், மூன்றாவது மாடி, கதவு எண் ஏழு என்று எழுது. இது வரை அடித்தாள்.

தாழ்வாரத்தில் சர்ரென்று ஒரு சத்தம் கேட்டது. நாடா உள்ளே ஓடும் சத்தம். இன்னொரு முறை. அடுத்த அறை. காலடி. கதவின் கைப்பிடி அசைந்தது.

அவள் என்டரை அழுத்தி, திரையை அணைத்து, நாற்காலிக் குவியலின் பின்னால் குனிந்தாள்.

ஆய்வாளர் எட்டிப் பார்த்தார். விளக்கை அணைத்தார். போனார்.

கால் மணி நேரம் கழித்துத்தான் எழுந்து திரையைப் போட்டாள். பச்சை நிறத்தில் ஒரு வரி காத்திருந்தது. அந்தப் பெட்டி வழக்கம்போல் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லியிருந்தது.

'14,212 வரிசைகள் மாற்றப்பட்டன. நேரம்: 0.03 வினாடி.'

பழைய முகவரிகளின் நகல் எங்கும் இல்லை.

வீட்டுக்கு எப்படி வந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. பிடித்துக்கொண்டு போக ஆள் வரும் என்று உடை மாற்றாமல் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். விடியும்வரை யாரும் வரவில்லை.

"ஏண்டி," என்றாள் அக்கா காலையில், ஜன்னலருகே நின்று. "கீழ என்ன, ஊர்வலமா?"

தெரு நிறைந்திருந்தது. பாய், தலையணை, பெட்டி, தொட்டில், கட்டிய குடை. ஆய்வாளர்கள் முதல் வெளிச்சத்திலேயே எல்லாத் தெருக்களிலும் இறங்கி, உள்ளே இருந்தவர்களைப் புது முகவரித் தாளோடு வெளியே வரச் சொல்லிவிட்டு, அனுமதி இல்லாத எல்லாக் கதவுகளிலும் பட்டை ஒட்டியிருந்தார்கள். நகரத்தில் பட்டை இல்லாத கதவு ஒன்றே ஒன்றுதான். யாரும் கத்தவில்லை. யாரும் அழவில்லை. ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள்.

கதவு தட்டப்பட்டது. மிகவும் மரியாதையான தட்டல். கையில் மீன் தொட்டியோடு ஒருவர், பின்னால் மனைவி, இரண்டு பெண்கள். மனைவி கையில் அச்செடுத்த தாள்.

"மன்னிக்கணும். கதவு எண் ஏழு... எங்க வீடு இதுதானே?"

அக்கா தாளைப் படித்தாள். திரும்பித் தங்கையைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் விளையாட்டு இல்லை.

கட்டிலிலிருந்து அப்பா தலையைத் தூக்கினார். "யாரும்மா? வாங்க, வாங்க. ஏன் வெளிய நிக்கறீங்க? தொட்டியை அப்படி ஜன்னல் கிட்ட வைங்க, இந்தப் பக்கம் வெயில் வராது." வந்தவர்களை வா என்று சொல்லாமல் இருக்க அவருக்குத் தெரியாது.

அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு படிக்கட்டுக்கு வந்தாள். "தப்பு என்னோடது," என்றாள். பிறகு உரக்க: "நான்தான் பண்ணினேன். ஒரு வரியில பாதியை விட்டுட்டேன். இது உங்க வீடு இல்ல. உங்க வீடு உங்க வீடுதான். வெறும் காகிதம்தாங்க அது, கிழிச்சிட்டு உள்ள போங்க!"

படிக்கட்டு முழுதும் அவளைப் பார்த்தது. இரக்கத்தோடுதான் பார்த்தது.

"அதெப்படிம்மா," என்றார் மீன் தொட்டிக்காரர். "எழுதியிருக்கே."

கீழே சலசலப்பு. ஆட்கள் சுவரோடு ஒட்டி வழிவிட்டார்கள். ஆணையர் ஏறி வந்தார், ஒரு கையில் சூட்கேஸ், மறு கையில் சுருட்டிய படுக்கை. பின்னால் பசை. மூன்று மாடி ஏறியதில் ஆணையருக்கு மூச்சு வாங்கியது. ஆனால் முகத்தில் ஒரு பெருமிதம் இருந்தது.

"எனக்கும் பட்டை ஒட்டிட்டாங்கம்மா," என்றார் எல்லோருக்கும் கேட்கும்படி. "என் சொந்த ஆய்வாளரே ஒட்டினார். ஒரு வார்த்தை பேசலை நான். சட்டம்னா இதுதான்."

"சார், நான் தப்பாப் போட்ட கட்டளை சார் இது. என்னைப் பிடிச்சுக் குடுத்துடுங்க. இவங்களைத் திருப்பி அனுப்பிடுங்க."

ஆணையர் குரலைத் தாழ்த்தினார். "தப்புன்னு சொன்னா திருத்தணும். திருத்தத்துக்கு முப்பது வேலை நாள். அது வரைக்கும் இத்தனை பேரும் எங்கம்மா இருப்பாங்க? கொஞ்சம் மனசாட்சியோட பேசுங்க." பிறகு பசையிடம்: "உள்ள போய் உட்கார்ந்ததும் ஒரு சுற்றறிக்கை எழுதணும். இதுதான் சரின்னு."

செருப்பை வாசலில் கழற்றி, ஒழுங்காகச் சேர்த்து வைத்துவிட்டு, ஆணையர் உள்ளே போனார். அப்பா சிரமப்பட்டுக் கால்களை மடக்கிக்கொண்டு கட்டிலில் அவருக்கு இடம் விட்டார்.

படிக்கட்டின் அடியிலிருந்து ஒரு குரல் வாய்க்கு வாய் மாறி மேலே வந்தது. "உள்ள இன்னும் இடம் இருக்கான்னு கேக்கறாங்க."

யார் பதில் சொன்னார்கள் என்று தெரியவில்லை. வரிசை ஒரு படி மேலே ஏறியது.